குறுக்குக்கோடு காட்டும் இடமும் குண்டு சேரும் இடமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் காற்றுத் துப்பாக்கிப் போட்டிகளைப் பற்றி வந்த கட்டுரையில், ஸ்கோப்பில் (துப்பாக்கியின் மேல் பொருத்தும் குறிநோக்கியில்) தெரியும் குறுக்குக்கோட்டை இலக்கின்மீது வைத்துச் சுட்டால் குண்டு அங்கேயே போய்ச் சேரும் என்று எழுதப்பட்டிருந்தது. இங்கிலாந்தில் 'ஹன்டர் ஃபீல்டு டார்கெட்' என்னும் காற்றுத் துப்பாக்கிப் போட்டிகளில் பல ஆண்டுகளாகப் பங்கேற்று வருபவன் என்ற முறையில், புதிதாகப் பழக வருவோரை இந்த வரி தடுமாற வைக்கும் என்று கவலைப்படுகிறேன்.

இப்போட்டியில் இலக்குகள் 8 முதல் 45 கஜம் வரை (சுமார் 7 முதல் 41 மீட்டர்) மரங்களுக்கிடையே வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் துளையுள்ள ஓர் உலோகத் தகடு; குண்டு அந்தத் துளைக்குள் போக வேண்டும். தூரத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். லேசர் கருவிக்கு அனுமதியில்லை. சுடத் தொடங்கிய பின் ஸ்கோப்பின் எந்தத் திருகையும் தொடக் கூடாது. ஆகவே தூரத்தை மதிப்பிடவும், குண்டின் இறக்கத்தை ஈடுகட்டவும், குறுக்குக்கோட்டில் உள்ள மில் புள்ளிகளையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது.

அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள இடைவெளி ஒரு மில்; அது அடைக்கும் அளவு, இலக்கு இருக்கும் தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எனவே இலக்கின் அளவை மில்லிமீட்டரில் எடுத்துக்கொண்டு, அது ஸ்கோப்பில் எத்தனை மில் இடத்தை அடைக்கிறதோ அதனால் வகுத்தால், தூரம் மீட்டரில் கிடைத்துவிடும். 40 மி.மீ. துளை 2 மில் அடைத்தால் 20 மீட்டர். 1 மில் அடைத்தால் 40 மீட்டர். ஆனால் துளையின் அளவு தெரியாவிட்டால் கணக்கே கவிழ்ந்துவிடும். 20 மீட்டரில் இருக்கும் 20 மி.மீ. துளையும் 40 மீட்டரில் இருக்கும் 40 மி.மீ. துளையும் ஸ்கோப்பில் ஒரே அளவாகத்தான் தெரியும். நானே ஒருமுறை அப்படி ஏமாந்து, தகட்டின் மேல்விளிம்பில் ஈயத் தடம் பதிந்ததைப் பார்த்த பிறகுதான் தவற்றை உணர்ந்தேன். உருப்பெருக்கத்தை மாற்றக்கூடிய பல ஸ்கோப்புகளில், குறிப்பிட்ட ஒரு பெருக்கத்தில் மட்டுமே புள்ளிகளின் இடைவெளி சரியான மில்லாக இருக்கும் என்பதையும் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். 10 மடங்குக்கு அமைந்த ஸ்கோப்பை 5 மடங்கில் வைத்து அளந்தால், 40 மீட்டர் 80 மீட்டராகத் தோன்றும்.

அடுத்தது குண்டின் பாதை. ஸ்கோப் குழலுக்குச் சில சென்டிமீட்டர் மேலே அமர்ந்திருப்பதால், குண்டு பார்வைக் கோட்டுக்குக் கீழிருந்து புறப்பட்டு, அதைக் கடந்து மேலேறி, மறுபடி இறங்கி வருகிறது. 27 மீட்டரில் குறுக்குக்கோட்டின் மையத்திலேயே குண்டு படும்படி சரிசெய்த என் துப்பாக்கியில் குண்டு 40 மீட்டரில் ஏறத்தாழ 4 செ.மீ. தாழ்வாக விழுகிறது, அதாவது ஒரு மில் உயர்த்திப் பிடிக்க வேண்டும். பழகாதவர்கள் எளிதில் நம்பாத செய்தி ஒன்று உண்டு. 7 மீட்டரில் இருக்கும் இலக்குக்கும் உயர்த்தித்தான் பிடிக்க வேண்டும். அதுவும் இரண்டு மில்லுக்கு மேல், ஏனெனில் அங்கே குண்டு இன்னும் பார்வைக் கோட்டை எட்டியிருக்காது. மிக அருகில் இருக்கும் இலக்கைத் தவறவிட்டுக் கலங்கி நிற்கும் இளைஞர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்கள் கையில் குறையில்லை, இதை அவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

பார்வைக் கோட்டை நேர்கோடாகவும் குண்டின் பாதையை வளைகோடாகவும் காட்டி, இரண்டும் வெட்டிக்கொள்ளும் இரு இடங்களையும் குறித்த ஒரு சிறு படத்தை, திருத்தத்தோடு சேர்த்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
லெஸ்டர், இங்கிலாந்து