‘கோ’ என்று சும்மா சொல்லாதே

கொடைக்கானல்
சித்திரை 5

அன்புள்ள பாப்பா,

போனில் கேட்டதற்கு நேராகவே பதில் எழுதுகிறேன். ஸ்டேஜ் மேனேஜராக, அதாவது மேடைக்குப் பின்னால் நின்று காட்சியை நடத்துகிறவளாக, ஈவென்ட் கம்பெனியில் சேருவதா, நாடகக் குழுவிலா என்றால், முதல் இரண்டு வருடம் நாடகக் குழு. ஈவென்ட்டில் காசு கூட, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே எல்லாம் ஒரு நாள் கூத்து. தப்பு நடந்தால் மறுநாள் திருத்திப் பார்க்க மேடையே இருக்காது. ஒரே நாடகத்தை இருபது தடவை ஓட்டுகிறவளுக்குத்தான் மூன்றாவது காட்சியில் விளக்கு ஏன் எப்போதும் பிந்துகிறது என்று பிடிபடும்.

வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்வது என்பாய். சபா நாடகக்காரர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள். ஒத்திகை ராத்திரி, நாடகம் சனி ஞாயிறு. மாதச் சம்பளத்தை அவர்களிடம் எதிர்பார்க்காதே. வார நாளில் ஈவென்ட் வேலையை நாள் கணக்குக்கு எடு. குழுவில் சேருமுன் கூச்சப்படாமல் கேள்: ஒத்திகைக்கும் பணம் உண்டா, காட்சிக்கு மட்டுமா? வெளியூர் போனால் சாப்பாடு, தங்கல் யார் செலவு? திரை தூக்கிய பிறகு யார் பேச்சு செல்லும்? டைரக்டரே ஹெட்செட்டைப் பிடுங்கி க்யூ (விளக்கையோ ஒலியையோ ‘இப்போது மாற்று’ என்ற சைகை) கொடுக்கிற இடம் என்றால் நீ ஸ்டேஜ் மேனேஜர் இல்லை, சாமானுக்குக் காவல்.

ஸ்கிரிப்டும் எல்லா க்யூவும் அடங்கிய உன் நோட்டு, அதாவது ப்ராம்ப்ட் புக், அந்த விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஸ்கிரிப்டை ஒரு பக்கம் மட்டும் பிரின்ட் எடு. எதிர்ப் பக்கம் காலியாக இருக்கட்டும், யார் எங்கே நகர்கிறார்கள் என்று வரைய. எல்லாம் பென்சிலில். லைட் க்யூ 23-க்கும் 24-க்கும் நடுவே புதிதாக ஒன்று வந்தால் 23.5 என்று போடு. மொத்த நம்பரையும் மாற்றினால் லைட் போர்டில் ஒன்று, உன் நோட்டில் ஒன்று என்று ஆகிவிடும்.

நம் மொழியில் ஒரு சிக்கல் உண்டு. வினை கடைசியில் வரும். நடிகர்கள் விழுங்குவதும் மாற்றுவதும் அந்தக் கடைசிச் சொல்லைத்தான். ‘வந்துட்டான்’ என்று எழுதியிருக்கும், அவர் ‘வந்தாச்சு’ என்பார், கைதட்டல் கிடைத்தால் இன்னும் நாலு வார்த்தை சொந்தமாகச் சேர்ப்பார். அதனால் க்யூவை முடிந்த மட்டும் வசனத்தில் கட்டாதே, செய்கையில் கட்டு. அகல்விளக்கை ஊதி அணைக்கும் காட்சியை எடுத்துக்கொள். ஊதிய பிறகு விளக்கை மாற்றச் சொல்லி ஹெட்செட்டில் ‘கோ’ சொன்னால் லைட் ஆபரேட்டர் விரல் அசைவதற்குள் பிந்திவிடும். அவள் குனிந்து, மூச்சை உள்ளே இழுத்து, கன்னம் உப்புகிறதே, அப்போது சொல். புத்தகத்திலும் ‘கன்னம்’ என்றே எழுது.

‘ஸ்டாண்ட்பை லைட் 23’ என்று முன்கூட்டியே சொல்லி, பதில் வாங்கிக்கொள். பிறகு ‘லைட் 23’, கடைசியில் ‘கோ’. அந்தச் சொல்லை ஹெட்செட்டில் வேறு எதற்கும் உபயோகிக்காதே. ‘கோவிந்தனைக் கூப்பிடு’ என்று ஆரம்பித்தால்கூட யாராவது பட்டனைத் தட்டிவிடுவார்கள்.

நடிகர்களை அழைக்கும் நேரம்: ‘இன்னும் அரை மணி’ என்ற அழைப்பை நாடகத்துக்கு 35 நிமிடம் முன்னால் கொடுப்பதுதான் பழைய பிரிட்டிஷ் வழக்கம். நடிகர்கள் மேடைக்கு வந்து நிற்க 5 நிமிடம் அதில் அடக்கம். 7 மணி நாடகத்துக்கு 6.25-க்கு அரை மணி, 6.40-க்குக் கால் மணி, 6.50-க்கு ஐந்து நிமிட அழைப்பு; 6.55-க்கு முதல் காட்சி ஆட்கள் விங்கில் (மேடை ஓரத்தில்) இருக்க வேண்டும். முடிந்ததும் அன்று ராத்திரியே ரிப்போர்ட் எழுது. ‘இரண்டாம் காட்சியில் 7-ஆம் விளக்கு எரியவில்லை’ என்று எழுது, யாரால் என்று எழுதாதே.

இனி மே மாதம் நீங்கள் இங்கே மலைக்கு நாடகம் போட வருகிற சமாசாரம். எல்லா வண்டிக்கும் இ-பாஸ் எடுத்துவிடு. 2024 மே முதல் இங்கேயும் ஊட்டியிலும் அது கட்டாயம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இங்கே தடை, அதனால் பாட்டில் கேஸ் ஏற்றாதே, கேனும் டம்ளரும் போதும். வத்தலக்குண்டு தாண்டி கொண்டை ஊசி வளைவுகள்; செட் தட்டிகளைப் படுக்கவைத்துக் கட்டச் சொல்.

கரன்ட்தான் முக்கியம். 1000 வாட் பார் (PAR) மேடை விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் 4.3 ஆம்பியர் இழுக்கும். 15 ஆம்பியர் பாயின்ட்டில் மூன்றோடு நிறுத்து. நாலாவதைச் செருகினால் 17-ஐத் தாண்டும், ஆனால் உடனே ட்ரிப் ஆகாது, அதுதான் ஆபத்து: ஒத்திகையில் தாங்கிவிட்டு, காட்சி நடக்கும்போது ப்ளக் உருகும். மூன்று ஃபேஸிலும் சமமாகப் பிரித்துப் போடு. ஜெனரேட்டரையும் சமவெளியில் கணக்குப் போட்டது போலப் போடாதே. 2,100 மீட்டரில் காற்று மெலிசு; டர்போ இல்லாத டீசல் எஞ்சின் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். 25 கேவிஏ என்று எழுதியிருந்தால் கீழே 20 கிலோவாட், இங்கே 16 என்று வைத்துக்கொள்.

சாயங்காலம் மஞ்சு இறங்கினால் மரத்தரை ஈரமாகி, நிற்கும் இடத்தைக் குறிக்கும் மார்க்கிங் டேப் உரிந்துவிடும். மதியத்துக்குள் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்து ஒட்டிவிடு. மிக்சரையும் வயர்லெஸ் மைக்கையும் வண்டியிலிருந்து இறக்கியதும் திறக்காதே. குளிர்ந்த உலோகத்தில் ஹால் சூட்டுக்கு நீர் கோத்துக்கொள்ளும். பெட்டியை மூடியபடியே ஒரு மணி நேரம் உள்ளே வை. புகை மெஷினைச் சமவெளியில் ஓட்டும் அளவில் பாதிக்கு ஆரம்பி. ஜன்னல் வழியே மஞ்சு இலவசமாக வேறு வரும்.

டெல்லி நாடகப் பள்ளிப் படிப்பை இப்போதைக்குத் தள்ளிவை. அது 3 வருடம். கையில் நாலைந்து நாடகம் இருந்தால்தான் அங்கே கற்பது ஒட்டும். திருச்சூரிலும் ஒரு நாடகப் பள்ளி இருக்கிறது, நமக்குப் பக்கம்.

விளக்கு எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை வாட், ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு என்று லோடு லிஸ்ட் ஒன்று எழுதி இந்த வாரமே அனுப்பு. சீசனில் இங்கே எலெக்ட்ரீஷியன் கிடைப்பது குதிரைக்கொம்பு, முன்னாடியே சொல்லி வைக்கவேண்டும். அம்மா ஸ்வெட்டர் எடுத்துவரச் சொல்கிறாள்.

அப்பா