உன் துண்டறிக்கையைப் படித்தேன்

பாப்பா,

துண்டறிக்கை வந்தது. படித்துத் திருத்தியும் வைத்துவிட்டேன். மெய்ப்புப் பார்த்தே தலை நரைத்தவளிடம் 'சும்மா ஒரு பார்வை பாரும்மா' என்று அனுப்பினால் இப்படித்தான் ஆகும். ஒற்றுப்பிழைகளை இங்கே பட்டியல் போட்டு உன் மானத்தை வாங்கப் போவதில்லை. தனியாகப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். விஷயத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். அது போனில் ஆகாது, போனில் நீ குறுக்கே பேசுவாய்.

கல்லூரி விழாவில் அழகிப் போட்டி வைப்பதை எதிர்த்து வாசலில் நிற்கப் போகிறீர்கள். நில்லுங்கள். 'படிக்கப் போன இடத்தில் எதற்கு வம்பு' என்றார் உன் அப்பா. அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

முதல் பத்தியிலேயே ஒரு தகவல் பிழை. '1968-ல் அமெரிக்கப் பெண்கள் பிராக்களை எரித்துத் தொடங்கி வைத்த போர்' என்று எழுதியிருக்கிறாய். அன்று யாரும் எதையும் எரிக்கவில்லை. அந்த வருஷம் செப்டம்பர் 7, அட்லாண்டிக் சிட்டி. மிஸ் அமெரிக்கா போட்டி நடந்த அரங்குக்கு வெளியே, கடலை ஒட்டி நீளமாகப் போகும் மரப்பலகை நடைபாதையில் பெண்கள் கூடினார்கள். ஒரு குப்பைத் தொட்டியை வைத்து, 'விடுதலைக் குப்பைத் தொட்டி' என்று பெயரும் எழுதினார்கள். இடுப்பை நெரிக்கும் உள்ளாடை, குதிகால் உயர்ந்த செருப்பு, ஒட்டு இமை, தரை துடைக்கும் கட்டை, பெண்கள் பத்திரிகைகள், பிரா எல்லாம் அதில் போய் விழுந்தன. தீ வைக்கும் யோசனை இருந்தது உண்மைதான். மரப்பலகை பற்றிக்கொள்ளும் என்று நகர நிர்வாகம் கவலைப்பட்டது, அவர்களும் விட்டுவிட்டார்கள். அது வியட்நாம் போருக்கு ஆள் எடுத்த காலம். இளைஞர்கள் ராணுவ அழைப்பு அட்டைகளைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். அதோடு இதையும் முடிச்சுப் போட்டு, நியூயார்க் போஸ்ட் நாளிதழில் 'பிரா எரிப்பவர்கள்' என்று தலைப்பு வந்தது. அந்தத் தலைப்பை வைத்துத்தான் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேலி செய்துகொண்டிருக்கிறார்கள். அதை நீயே கைக்காசு போட்டு அச்சடித்துக் கொடுப்பானேன்?

அன்று நடந்ததில் எழுதத் தக்கவை வேறு இருக்கின்றன. உயிருள்ள ஓர் ஆட்டுக்கு முடிசூட்டி ஊர்வலம் விட்டார்கள். ஆண் நிருபர்களிடம் பேச மாட்டோம், பெண் நிருபர்களை அனுப்புங்கள் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். (எனக்குப் பிடித்தது இதுதான். நீங்களும் செய்து பாருங்கள்.) நாலு பேர் நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே போய், முந்தைய ஆண்டின் அழகி விடைபெற்றுப் பேசிக்கொண்டிருந்தபோது மாடத்திலிருந்து 'பெண் விடுதலை' என்று எழுதிய பதாகையைத் தொங்கவிட்டார்கள். அந்த நாலு பேரில் ஒருவர் கேரல் ஹேனிஷ்.

அந்த ஹேனிஷ் அதோடு வீட்டுக்குப் போய்ப் பெருமை பேசிக்கொண்டிருக்கவில்லை. மூன்று மாதத்துக்குள்ளேயே உட்கார்ந்து, தங்கள் போராட்டம் எங்கே கோணிப்போனது என்று ஒரு கட்டுரை எழுதினார். வெளியே பிடித்த அட்டைகளில் சில, போட்டியை விட்டுவிட்டுப் போட்டிக்கு வந்த பெண்களையே கேலி செய்தன. பார்த்துக்கொண்டிருந்த சாதாரணப் பெண்களுக்கு, இவர்கள் அழகான பெண்கள்மேல் பொறாமைப்படுகிறவர்கள் என்று தோன்ற அதுவே போதுமாயிற்று. நம்மோடு சேர்ந்து அவதிப்படுகிறவளை நம் எதிரியாகக் காட்டிவிட்டோம் என்பதுதான் அவருடைய வருத்தம்.

உன் இரண்டாம் பத்தியை இப்போது எடுத்துப் பார். 'மூளையை அடகு வைத்த பொம்மைகள்.' அடுத்த வரியில் 'சதைச் சந்தையின் சரக்குகள்'. எதுகை மோனையோடு நன்றாகத்தான் விழுந்திருக்கிறது, எடுத்துவிடு. மேடையில் நிற்கப் போகிறவள் உன் வகுப்பில் உன் பக்கத்தில் உட்காருகிறவள். அவளை நிறுத்தி வைத்து மதிப்பெண் போடுகிற மேஜை எதிரே இருக்கிறது. அந்த மேஜையில் யார், அவர்களை யார் அழைத்தார்கள், விழாவுக்குப் பணம் போடுவது யார், அவர்கள் விற்பது என்ன? இதில் ஒன்றுகூட உன் அறிக்கையில் இல்லை. மிஸ் அமெரிக்கா 1921-ல் எதற்காகத் தொடங்கியது தெரியுமா? கோடை முடிந்ததும் சுற்றுலாக் கூட்டம் ஊரைக் காலி செய்துவிடும். இன்னும் சில நாள் அவர்களைப் பிடித்து வைக்க ஓட்டல்காரர்களும் வியாபாரிகளும் ஒரு வழி தேடினார்கள். உலக அழகிப் போட்டியும் 1951-ல் லண்டனில் ஒரு திருவிழாவுக்கு விளம்பரம் தேடப் போய் எரிக் மோர்லி என்பவர் கண்டுபிடித்ததுதான். கணக்குப் புத்தகத்தில் பிறந்த குழந்தைகள். அதை எழுது.

'இந்தப் போட்டிகளால் எந்தப் பெண்ணுக்கும் எந்த நன்மையும் விளைந்ததில்லை' என்ற வரியைச் சிவப்பில் அடித்திருக்கிறேன். இவ்வளவு அடித்துச் சொல்ல முடியாது. மிஸ் அமெரிக்காவில் 1930-களில் வெள்ளை இனப் பெண்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம் என்று விதியே எழுதி வைத்திருந்தார்கள். விதி போன பிறகும் 1970 வரை ஒரு கறுப்பினப் பெண்கூட அந்த மேடையில் ஏறியதில்லை. அதனால்தான் 1968-ல், அதே ஊரில், அதே நாள் இரவு, சற்றுத் தள்ளி ஓர் ஓட்டலில் 'மிஸ் பிளாக் அமெரிக்கா' என்று தனிப் போட்டி நடந்தது. பட்டம் வாங்கிய சாண்ட்ரா வில்லியம்ஸ் தலைமுடியை நிமிர்த்திக்கொள்ளாமல் இயல்பாகவே விட்டிருந்தார். ஒரே ராத்திரியில் ஒரே போட்டியை எதிர்த்து இரண்டு போராட்டங்கள்: ஒன்று இந்த மேடையே வேண்டாம் என்கிறது, இன்னொன்று எங்களுக்கும் ஒரு மேடை வேண்டும் என்கிறது. இரண்டாவதைச் சொன்னவர்களை ஏமாந்தவர்கள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை.

லண்டனில் நடந்தது இதைவிடச் சிக்கல். 1970 நவம்பர் 20, ராயல் ஆல்பர்ட் ஹால், உலக அழகிப் போட்டி. பெண்கள் நுழைவுச்சீட்டு வாங்கி, நன்றாக உடுத்திக்கொண்டு, பார்வையாளர்களோடு பார்வையாளர்களாக உட்கார்ந்திருந்தார்கள். கைப்பையில் மாவுப் பொட்டலம், துண்டறிக்கை, கிலுகிலுப்பை. பாப் ஹோப் என்ற நகைச்சுவையாளர் மேடையில் நின்று பெண்களை மாடுகளோடு சேர்த்து ஏதோ பகடி பேசிக்கொண்டிருந்தார். கிலுகிலுப்பை சத்தம் எழுந்தது, அதுதான் சைகை. மாவு பறந்தது, புகை கிளம்பியது, மனுஷன் மேடையை விட்டு ஓடினார். 'நாங்கள் அழகிகளும் இல்லை, அவலட்சணங்களும் இல்லை, கோபத்தில் இருக்கிறோம்' என்பது அவர்கள் முழக்கம். சிலர் கைதானார்கள், மறு வருஷம் வழக்கும் நடந்தது.

அந்த ராத்திரி பட்டம் வாங்கியவர் கரீபியன் தீவு நாடான கிரெனடாவின் ஜெனிஃபர் ஹோஸ்டன், உலக அழகிப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண். இரண்டாம் இடம் பெற்ற பேர்ல் ஜான்சன் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவர். நிறவெறி ஆட்சியில் இருந்த அந்த நாடு வெள்ளைப் பெண் ஒருத்தியைத் தனியாக அனுப்பியிருந்ததால், இவர் தோளில் 'ஆப்பிரிக்கா சவுத்' என்று நாட்டின் பெயரையே திருப்பிப் போட்ட பட்டை. அந்தப் பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றவரை 'மூளையை அடகு வைத்த பொம்மை' என்று உன்னால் சொல்ல முடியுமா? மாவு வீசியவர்கள் செய்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். ஹோஸ்டன் வென்றதில் தன் தீவுச் சிறுமிகளுக்கு ஏதோ கிடைத்தது என்பதையும் மறுக்க மாட்டேன். இந்த இரண்டும் ஒன்றாக இருக்க உன் அறிக்கையில் இடம் வை.

அடுத்தது, உன் கடிதத்தில் போகிறபோக்கில் சொல்லியிருந்த சங்கதி. 'பண்பாட்டைக் காக்கிற' அமைப்பு ஒன்று தாங்களும் வந்து நிற்பதாகச் சொல்கிறது, ஆள் பலம் கூடும் என்கிறாய். வேண்டாம். இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை.

1996-ல் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் சுஷ்மிதா சென்னும் ஐஸ்வர்யா ராயும் ஒரே ஆண்டில் இரண்டு பட்டங்களைக் கொண்டுவந்திருந்தார்கள். 1991-க்குப் பிறகு சந்தை திறந்துவிட்ட நேரம், அழகு சாதனம் விற்கிறவர்களுக்கு இதைவிட நல்ல முகூர்த்தம் வாய்க்காது. போட்டியை நடத்தியது அமிதாப் பச்சனின் நிறுவனம். இடதுசாரிப் பெண்கள் அமைப்புகள் தெருவுக்கு வந்து, இந்த அழகின் அளவுகோலை யார் தீர்மானிக்கிறார்கள், லாபம் யாருக்கு என்று கேட்டன. விவசாயிகளும் வந்தார்கள். அதே தெருவில் இன்னொரு கூட்டம், இந்தியப் பெண்மைக்கு இழுக்கு என்று வந்து நின்றது. தீக்குளிப்போம் என்று ஓர் அமைப்பு மிரட்டியது. மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து இறந்தே போனார். நீச்சலுடைச் சுற்றைச் செஷல்ஸ் தீவுக்கு மாற்றினார்கள். ஆயிரக்கணக்கான போலீஸ் காவலோடு நவம்பர் 23 அன்று சின்னசாமி மைதானத்தில் போட்டி நடந்தது, கிரீஸ் பெண் பட்டம் வாங்கினார், எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

என் மேஜைக்கு வந்த செய்திகளில் இரண்டு கூட்டமும் ஒன்றாகியிருந்தன. 'கலாச்சாரச் சீரழிவை எதிர்த்துப் பெண்கள் போராட்டம்' என்று ஒரே வரி. லாபம் யாருக்கு என்று கேட்டவர்கள் அந்த வரிக்குள் காணாமல் போயிருந்தார்கள். நீச்சலுடை கடல் தாண்டிப் போனது யாருக்கு வெற்றி, சொல். பெண் உடம்பைக் காட்டாதே என்கிறவர்களுக்கு. பெண் உடம்புக்கு மதிப்பெண் போடாதே என்றவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இன்று உன்னோடு வாசலில் நிற்கிற அந்த அமைப்பு, நாளைக்கு நீ போட்டிருக்கிற சட்டையைப் பற்றிப் பேச வரும்.

2025-லும் பார்த்தோமே. தெலங்கானாவில் உலக அழகிப் போட்டி நடந்தபோது, ராமப்பா கோயிலுக்கு வந்த போட்டியாளர்களின் பாதங்களை உள்ளூர்ப் பெண்கள் கழுவித் துடைத்தார்கள். நாடே கொதித்தது. மாநிலத்தின் மானம், கட்சியின் மானம் என்று ஆளாளுக்கு அறிக்கை விட்டார்கள். குனிந்து தண்ணீர் ஊற்றிய பெண்களின் பக்கம் மைக்கை நீட்ட அதிகம் பேருக்குத் தோன்றவில்லை.

இனி உன் கோரிக்கைகள். 'நீச்சலுடைச் சுற்றை ரத்து செய்' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறாய். உலக அழகிப் போட்டி அதைக் கைவிட்டு வருஷங்கள் ஆகின்றன. மிஸ் அமெரிக்காவே 2018-ல் எடுத்துவிட்டது. இதைக் கேட்டால் அமைப்பாளர்கள் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள், அதோடு உங்கள் போராட்டம் முடிந்தது. பிரான்ஸ் பெண்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். 2021-ல் ஒரு பெண்ணிய அமைப்பும், உயரம் போதாது போன்ற காரணங்களால் ஒதுக்கப்பட்ட பெண்கள் சிலரும் மிஸ் பிரான்ஸ் போட்டியைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். மேடையில் இவர்கள் செய்வது வேலை, வேலைக்கு ஆள் எடுக்கும்போது உயரத்தையும் கல்யாணத்தையும் கேட்பது பாகுபாடு என்பது வாதம். 2023-ல் வழக்கு தள்ளுபடியானது. ஆனால் அதற்குள்ளாகவே போட்டியாளர்களுக்கு வேலை ஒப்பந்தம் கொடுக்க வேண்டியதாயிற்று; கல்யாணமாகியிருக்கக் கூடாது, பிள்ளை பெற்றிருக்கக் கூடாது என்ற விதிகளும் போயின. தோற்ற வழக்கு இவ்வளவு செய்திருக்கிறது. நீங்களும் அப்படி ஏதாவது கேளுங்கள்: நடுவர் யார், மதிப்பெண் எதற்கு, எடுக்கிற படங்கள் யாருக்குச் சொந்தம், பணம் போடுகிறவர் அந்தப் படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா என்று எழுத்தில் பதில் கேளுங்கள். பதில் சொல்லத் திணறுவார்கள்.

மேடையில் இருப்பவளும் பேசுவாள் என்பதை மறந்துவிடாதே. 2017-ல் மிஸ் பெரு போட்டியில், உடம்பளவைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒவ்வொருத்தியாக மைக் முன்னால் வந்தார்கள். ஒருத்தி, 'நான் லிமாவிலிருந்து வருகிறேன், என் அளவுகள்: கடந்த ஒன்பது ஆண்டுகளில் என் நாட்டில் கொலையுண்ட பெண்கள் 2,202' என்றாள். அடுத்தவள் வேறொரு எண் சொன்னாள். போட்டி நடத்தியவர்களின் சம்மதத்தோடு நடந்ததுதான், அதனால் அவர்களுக்கும் விளம்பரம்தான், இருக்கட்டும். 2025 நவம்பரில் தாய்லாந்தில் சம்மதம் எதுவும் இல்லை. மிஸ் யூனிவர்ஸ் ஏற்பாட்டாளர் ஒருவர் மெக்சிகோ பெண்ணை எல்லார் முன்னாலும் திட்டிக் காவலாளிகளைக் கூப்பிட்டார். அந்தப் பெண் எழுந்து நடந்தாள். அவளுக்குப் பின்னால் மற்ற நாட்டுப் பெண்கள் பலரும் எழுந்தார்கள், நடப்பு அழகி உட்பட. குதிகால் செருப்போடு, தோளில் மாட்டிய பட்டையோடு வெளிநடப்பு.

உன் அறைத் தோழியும் பெயர் கொடுத்திருக்கிறாள் என்று நீதான் சொன்னாய். அவளிடம் ஏன் என்று கேட்டாயா? பரிசுப் பணமா, வீட்டில் நிறத்தைச் சொல்லிச் சொல்லியே வளர்த்தார்களா, அல்லது மேடை ஏறப் பிடிக்குமா? கேட்டுவிட்டு, திருத்திய அறிக்கையை மற்றவர்களுக்கு முன்னால் அவளிடம் கொடு. வாசலில் அந்நியர் கையிலிருந்து அவள் அதை வாங்கும்படி வைக்காதே. அவள் எந்த வரியில் முகம் சுளிக்கிறாள் என்று பார்த்து எனக்கு எழுது. வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் போதும், அதற்கு மேல் அச்சுக்கு நேரம் இருக்காது. தாள் செலவுக்குப் பணம் அனுப்புகிறேன், அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

அம்மா