ஸ்டுடியோவில் உதவிய அண்ணனுக்கு

காரைக்குடியில் பிரிண்ட் போடும் ஸ்டுடியோவில், என் லேப்டாப்பை எட்டிப் பார்த்து "தூண் ரெண்டா தெரியுதே தம்பி" என்றவர் நீங்கள். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

செட்டிநாட்டு வீட்டு முற்றம்: நடுவில் வெயில் கொட்டும், சுற்றியுள்ள தாழ்வாரம் இருட்டாக இருக்கும். இரண்டும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரிய, கேமராவில் மேஜிக் லாண்டர்ன் என்ற கூடுதல் ஃபர்ம்வேரை (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்றி, 2 ஸ்டாப் இடைவெளியில், அதாவது ஒவ்வொன்றிலும் முந்தையதைவிட நான்கு மடங்கு வெளிச்சம் விழும்படி, 5 படம் எடுத்து, அவற்றை ஒன்றாக்கும் என்ஃபியூஸ் மென்பொருளில் சேர்த்தேன். தூண் ஓரமெல்லாம் இரட்டைக் கோடு. அந்த ஃபர்ம்வேர்மேல்தான் எனக்குச் சந்தேகம்.

உங்கள் வேலையை ஓரமாக வைத்துவிட்டு ஒவ்வொரு படத்தையும் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினீர்கள். ஷட்டர் 1/500, 1/125, 1/30, 1/8, 1/2. கணக்கு சரி, ஃபர்ம்வேர் பிழையில்லை. ஆனால் மெதுவான படங்களில் தூண் லேசாக நகர்ந்திருந்தது. "ட்ரைபாட்ல வெச்சா கை நடுக்கத்தைச் சமாளிக்கிற லென்ஸ் ஸ்டெபிலைசரை அணைச்சிடணும், சில லென்ஸ் சும்மா இருக்காது" என்று சுவிட்சைத் தள்ளினீர்கள். அப்புறம், எடுத்த படங்கள் வீணாகக்கூடாது என்று படங்களை ஒட்டும் ஹ்யூகின் மென்பொருளோடு வரும் அலைன் இமேஜ் ஸ்டாக் என்ற கருவியில் முதலில் நேர்ப்படுத்தி, பிறகு சேர்த்துக் காட்டினீர்கள். உத்தரத்துச் செதுக்கல் பளிச்சென்று வந்தது!

காசு நீட்டினேன், "டீ வாங்கிக் குடி" என்றீர்கள். ரொம்ப நன்றி அண்ணே. இதைப் பார்த்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், உங்களுக்கென்று ஒரு பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன்.