பயப்படாதே என்று கத்தினால் பயம் போகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2024 டிசம்பரில் நம்ம சென்னைப் பையன் குகேஷ் உலக செஸ் சாம்பியன் ஆனபோது, மனப்பயிற்சிக்கென்றே பேடி அப்டன் அவருக்குத் துணையாக இருந்ததை எல்லாரும் பாராட்டி எழுதினீர்கள். நல்ல விஷயம். ஆனால் அந்தப் பயிற்சி மாவட்ட அளவில் ஓடுகிற, தாண்டுகிற பிள்ளைகளுக்கும் வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் மகள் நீளம் தாண்டுகிறாள். காலைப் பயிற்சியில் 4.80 மீட்டர் சாதாரணமாகத் தாண்டுவாள். இரண்டு வருடம் முன்பு ஒரு போட்டியில் மூன்று வாய்ப்பும் ஃபவுல். முதல் தடவை ஷூ நுனி, கால் ஊன்றி எழும்பும் போர்டைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது, சிவப்புக் கொடி தூக்கிவிட்டார்கள், அப்புறம் அவள் மணல் குழியைப் பார்க்கவே இல்லை, போர்டையே பார்த்துக்கொண்டு ஓடினாள். வெளியிலிருந்து அவளுடைய மாஸ்டர் "பயப்படாதே, பயப்படாதே" என்று கத்திக்கொண்டே இருந்தார். குழந்தை காதில் பயம் என்ற சொல் மட்டும்தான் விழுந்திருக்கும். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

அவளை மீட்டது கூடப் பயிற்சி செய்கிற ஒரு அக்கா. ரன்-அப் தொடங்கும் இடத்தில் நின்று மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட வேண்டும், வலது தொடையை இரண்டு தட்டு, "உயரம்" என்று ஒரே ஒரு சொல், உடனே ஓட்டம். பயிற்சியிலும் சரி, போட்டியிலும் சரி, இதில் மாற்றமே கிடையாது. தூங்கப் போகும்முன் கண்ணை மூடி ரன்-அப்பின் பதினாறு காலடியையும் மனதுக்குள் ஓடிப் பார்க்கிறாள். சிவப்புக் கொடி ஏறினால் அடுத்து என்ன செய்வது என்பதையும் சேர்த்துத்தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சலில் அமெரிக்க வீரர் ஃபெல்ப்ஸின் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டது, கண் தெரியாமலே கைவீச்சை எண்ணி எண்ணி நீந்தி உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். தப்பு நடந்தால் என்ன செய்வது என்று முன்பே மனதில் ஓட்டிப் பார்த்து வைத்திருந்தவர் அவர்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் (எஸ்.டி.ஏ.டி.) கோடை முகாம்களிலும் பள்ளி பி.டி. வகுப்புகளிலும் வார்ம்-அப் முடிந்ததும் பத்து நிமிடம் இதற்கென்று ஒதுக்கட்டும். முதலில் மாஸ்டர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். என் மகளுக்கு இப்போதும் ஃபவுல் விழுகிறது. ஆனால் அடுத்த வாய்ப்புக்குப் போய் நின்றதும் தொடையை இரண்டு தட்டு தட்டிவிட்டு, குழியைப் பார்த்து ஓடுகிறாள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
வியாசர்பாடி, சென்னை.