ஜன்னல் தாழ்ப்பாள் என் கைக்கு எட்ட வேண்டும்

ஜன்னல் செய்பவர்களுக்கும் கட்டடம் வடிவமைப்பவர்களுக்கும்,

வணக்கம். நான் சக்கர நாற்காலியில் நடமாடுபவள். எதையும் இறுகப் பற்றும் வலு என் விரல்களுக்கு இல்லை. நான் குடியிருந்த அறைகளில் எல்லாம் ஜன்னல் இருந்தது. அதைத் திறக்கத்தான் யாராவது வரவேண்டியிருந்தது. நடு இரவில் சாரல் உள்ளே அடிக்க, பக்கத்து அறையில் இருப்பவரை எழுப்பலாமா வேண்டாமா என்று யோசித்தபடியே நனைந்து கிடந்திருக்கிறேன். வாசலுக்குச் சாய்தளம் வேண்டும் என்பது இன்று பலருக்கும் தெரிகிறது. ஜன்னலை யாரும் நினைப்பதில்லை.

அளவுகள் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு அணுகல் தரத்தின்படி, இடையில் தடை ஏதும் இல்லாதபோது, கையால் இயக்கும் பாகம் தரையிலிருந்து 380 முதல் 1220 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒரு கையால் இயக்க முடிய வேண்டும். இறுகப் பிடிக்கவோ, கிள்ளிப் பிடிக்கவோ, மணிக்கட்டைத் திருகவோ தேவைப்படக் கூடாது. விசை 22.2 நியூட்டனைத் தாண்டக் கூடாது. ஏறத்தாழ இரண்டேகால் கிலோவைத் தூக்கும் அளவு. ஆனால் அதே தரம் குடியிருப்பு வீடுகளின் ஜன்னல்களுக்கு விலக்குக் கொடுத்துவிட்டது. நாங்கள் உறங்குவதும் நோயில் படுப்பதும் அங்கேதான். அந்த விலக்கை நீங்களும் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

மேலும் கீழும் நகரும் ஜன்னல்தான் எனக்கு மிகக் கடினம்: எடையைத் தாங்கும் வில் இல்லாவிட்டால், கண்ணாடியின் முழு எடையும் கையில் இறங்கும். பக்கவாட்டில் நகரும் ஜன்னல் புதிதில் ஒரு விரலுக்கே ஓடும். தடத்தில் மண் சேர்ந்து உருளை தேய்ந்தபின் தோள்பட்டையே கழன்றுவிடும்போல் இருக்கும். வெளிப்பக்கம் திறப்பது இன்னொரு வகைத் தொல்லை. தள்ளிவிடலாம், திரும்ப இழுக்க உடம்பை வெளியே நீட்ட வேண்டும். அதற்கு உட்புறமிருந்தே இயக்கும் சுழற்கைப்பிடி உண்டு. பிடி சின்னக் குமிழாக இல்லாமல், உள்ளங்கையால் தள்ளும்படி நீளமாக இருந்தால் என்னாலும் சுற்ற முடியும். மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு தாழ்ப்பாள் வைக்காதீர்கள். கீழே உள்ள ஒரு நெம்புகோல் பல இடங்களில் ஒருசேரப் பூட்டும் அமைப்பு இருக்கிறதே, அதை வையுங்கள்.

வடிவமைப்பவர்களிடம் ஒரு வருத்தம். நல்ல ஜன்னலை வாங்கி, அதன் முன்னால் சமையல் மேடையைக் கட்டிவிடுகிறீர்கள். அல்லது கட்டிலைப் போடுவதற்கு வேறு இடமே விடுவதில்லை. மேடைக்கு மேலே கை நீட்டும்போது என் கை எட்டும் உயரம் இன்னும் குறைகிறது. ஜன்னலின் கீழ்விளிம்பும் தாழ்ந்திருக்கட்டும். உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் குறுக்குச் சட்டம் ஓடினால் வெளியே தெரிவது அந்தச் சட்டம் மட்டுமே.

பார்வை குறைந்தவர்களுக்காக, கைப்பிடியின் நிறம் சட்டத்தின் நிறத்திலிருந்து பளிச்சென்று வேறுபடட்டும். பூட்டியிருக்கிறதா என்பது தொட்டாலே தெரிய வேண்டும். நடைபாதை ஓரத்தில் வெளியே நீளும் ஜன்னலை வெண்கோல் கண்டுபிடிக்காது, நெற்றிதான் கண்டுபிடிக்கும். மோட்டார் வைத்தால் மின்சாரம் நின்றபோது கையால் இயக்கவும் வழி வேண்டும்.

உங்கள் விளக்கப் பட்டியல்களில் கண்ணாடியின் தடிமனும் சட்டத்தின் நிறமும் இருக்கின்றன. திறக்க எத்தனை நியூட்டன் விசை தேவை என்பதையும் அங்கே அச்சிடுங்கள். அடுத்த மாதிரியை விற்பனைக்கு அனுப்புமுன், எங்களில் சிலரை அழைத்துத் திறந்து மூடச் சொல்லுங்கள். நான் வருகிறேன்.