ஓய்வு பெறப்போகும் தம்பிக்கு, அலசூர் ஏரிக்கரையிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். மார்ச் 31-ஆம் தேதியோடு ஆலையிலிருந்து ஓய்வு பெறுவதாகத் தொலைபேசியில் சொன்னபோது, "பொழுது எப்படிண்ணா போகுது?" என்று கேட்டீர்கள். "எப்படியோ போகிறது" என்று சொல்லிவிட்டேன். அது நேர்மையான பதில் இல்லை என்பது பேசி முடித்த பிறகுதான் உறைத்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் மைக்ரோமீட்டரும் கையுமாக இருந்தவனுக்கு வேலை போனதே தவிர, அளவெடுக்கும் புத்தி போகவில்லை. பொழுது போவதும் அதனால்தான்.

காலை ஆறு மணிக்குமுன் சோமேசுவரர் கோயில் தெருவைக் கடந்து ஏரிக்குப் போய்விடுவேன். குருத்துவாரா பக்கம் தொடங்கி வள்ளுவர் சிலைவரை நடப்பது என் வழக்கம். 1991-இல் நிறுவிய அந்தச் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டு 9 அன்று திறக்கப்பட்டது உங்களுக்கும் நினைவிருக்கும். அன்று நம் பிரிவில் பாதிப் பேர் இங்கேதான் நின்றிருந்தோம். இப்போது அதன் எதிரே நின்று மூச்சு வாங்குகிறேன்.

என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. இடப்பக்கத்தில் மரங்களும் வலப்பக்கத்தில் என் உடம்பும் இருக்கும். ஒரே சாலையோர மரத்தை ஏழு வருடமாகப் பார்த்து வந்தால், ஒரு நாள் பார்த்துச் சொல்லும் எதுவும் அரைகுறை என்பது புரிந்துவிடும். எங்கள் தெருமுனைப் புங்கமரம், இங்குள்ளவர்கள் ஹொங்கே என்பது, பிப்ரவரியில் இலை உதிர்ந்து பட்டுப்போனதுபோல நிற்கும். முதல் வருடம் நோய் வந்துவிட்டதென்று நானே கவலைப்பட்டேன். யுகாதி நெருங்கும்போது எண்ணெய் பூசியதுபோல் தளிர் விட்டு, பிறகு பொரியை வாரி இறைத்தாற்போலப் பூ உதிர்க்கும். மஞ்சளாகப் பூக்கும் டபீபூயா மரம் பத்து நாள் கொண்டாடிவிட்டு ஓய்ந்துவிடும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த தூங்குமூஞ்சி மரமோ மாலையில் இலைகளை மடக்கிக்கொண்டு தன் பெயரைக் காப்பாற்றுகிறது.

வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் தொடர்பு இருக்கும் என்று நான் முதலில் நினைக்கவில்லை. மழைக்குப் பின் காலி மனைகளில் வெள்ளைவெள்ளையாகப் பூக்கும் பார்த்தீனியத்தை ஒருமுறை இடப்பக்கம் குறித்திருந்தேன். கன்னடக்காரர்கள் அதைக் காங்கிரஸ் கிட என்பார்கள். வலப்பக்கம் அதே வாரத்தில் தும்மல், கண் அரிப்பு என்று இருந்தது. அடுத்த வருடமும் அப்படியே. குளிரால் வருவதாக நினைத்திருந்த ஒவ்வாமை மகரந்தத்தால் வந்திருக்கக்கூடும் என்று மருத்துவரும் சொன்னார். இப்போது அந்த வாரங்களில் மட்டும் மனைகள் இருக்கும் தெருவைத் தவிர்த்து ஏரியோரமாகவே சுற்றி வருகிறேன்.

உங்களுக்கு மகன் எண்பதுக்கு மேற்பட்ட பரிசோதனைகள் கொண்ட முழு உடல் பரிசோதனையைப் பதிவு செய்திருப்பதாகச் சொன்னீர்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதன் முடிவைப் படிக்கும் நாளில், எந்தச் சூழலில் எடுத்த அளவு என்று கேட்காமல் எண்ணை நம்பாதீர்கள். நம் அளவுக்கூடத்தில் 20 டிகிரி வெப்பநிலைக்கு வராத உதிரிபாகத்தை அளக்க விடமாட்டோமே, நினைவிருக்கிறதா? உடம்புக்கும் அதே விதிதான். ஓய்வு பெற்ற முதல் ஆண்டில் ஒரு பரிசோதனை முகாமில், இரண்டு மாடி ஏறி, காப்பியும் குடித்துவிட்டு, அவசரமாகக் கை நீட்டினேன். இரத்த அழுத்தம் 168க்கு 96 என்றார்கள். அன்றே மாத்திரை எழுதித் தர ஒருவர் தயாராக இருந்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. கையில் சுற்றும் கருவி ஒன்று வாங்கி, காப்பி குடிக்காமல், சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை ஒரு வாரம் எடுத்தேன். சராசரி 134க்கு 82. அந்தத் தாளைப் பார்த்த என் மருத்துவர் ஊறுகாயைக் குறைக்கச் சொல்லி, மாத்திரை இல்லாமல் மூன்று மாதம் தள்ளிப்போட்டார். முகாமில் காட்டிய எண்ணைப் பொய் என்று சொல்ல மாட்டேன். அது மாடி ஏறியவனின் எண்.

மூன்று மாதச் சர்க்கரை என்று நாம் சொல்லும் HbA1c பரிசோதனையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்வதால், அவற்றில் ஒட்டிய சர்க்கரை அத்தனை நாளின் கதையைச் சொல்கிறது. 5.7 சதவீதத்துக்குக் கீழ் இயல்பு, 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்பது வழக்கமான கணக்கு. என் மனைவிக்கு 6.3 வந்தது, ஆனால் வெறும் வயிற்றுச் சர்க்கரை 92தான். மருத்துவர் ஹீமோகுளோபினைப் பார்த்தார். இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை இருந்தது; அது இந்த எண்ணை உயர்த்திக் காட்டக்கூடியது. சோகை சரியான பிறகு 5.6. எங்கள் வீட்டில் மூன்று மாதம் இனிப்பு நின்றுபோனது மட்டும் மிச்சம்.

இன்சுலின் செடியைப் பற்றியும் எச்சரித்துவிடுகிறேன். நீங்கள் வீட்டோடு இருக்கத் தொடங்கியதும் யாராவது ஒரு தொட்டியோடு வந்து நிற்பார்கள். எங்கள் மாடியிலும் இருக்கிறது, இலை புளிப்பாக நன்றாகவே இருக்கும். தினமும் ஒன்று மென்று சர்க்கரை குறைந்ததாக நானும் ஒரு காலத்தில் பெருமைப்பட்டேன். ஆனால் அதே மாதம்தான் இரவு உணவுக்குப் பின் இருபது நிமிட நடையும் தொடங்கியிருந்தேன். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றிவிட்டு எது பலித்தது என்று சொன்னால் நம் பிரிவில் அறிக்கையைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். செடியை வளருங்கள், மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

மற்றவை சில்லறை வேலைகள். ஆண்டுக்கொருமுறை உயிரோடிருப்பதாக ஓய்வூதியத்துக்குச் சான்று தர வேண்டும். கைப்பேசியில் முகம் காட்டினாலே போதும் என்றாகிவிட்டது. உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் கண்ணையும் பாதங்களையும் ஆண்டுதோறும் காட்டுங்கள். எண்பது சோதனைப் பட்டியலில் விழித்திரையும் பாதமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தனியாகச் செய்ய வேண்டியவை அவைதான்.

ஏப்ரல் முதல் ஞாயிறு காலை ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்துவிடுங்கள். காப்பி குடிக்காமல் வர வேண்டும். ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து அழுத்தம் பார்ப்பேன், பிறகு ஏரிக்குப் போவோம். புங்கம் அதற்குள் தளிர் விட்டிருக்கும். திரும்பி வந்ததும் காப்பி. உங்களுக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்
அலசூர், பெங்களூரு