ஆடம்பரம்னு ஒரு வரியில முடிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாரிஸ்ல இருக்கிற பலே கார்னியே ஓபரா ஹவுஸ் பத்தி போன இதழ்ல வந்த பயணக் கட்டுரை படிச்சேன். போட்டோ எல்லாம் பிரமாதம். ஆனா 'எங்க பார்த்தாலும் தங்கம், ஒரே ஆடம்பரம்'னு எழுதிட்டு நகர்ந்தது மனசுக்கு ஒப்பல. நானும் அங்க போய் நிதானமா சுத்திப் பார்த்தவன், அதான் இந்தக் கடிதம்.

உள்ள நுழைஞ்சதும் முதல்ல பெருசா ஒண்ணும் தெரியாது, கூரை தாழ்வாத்தான் இருக்கும். அதைத் தாண்டி அந்தப் பெரிய படிக்கட்டுக்கு வந்தா தலைக்கு மேல 30 மீட்டர் உயரத்துக்கு சட்டுனு திறந்துக்குது பாருங்க, நான் அப்படியே நின்னுட்டேன். வெள்ளை மார்பிள்ல படி, கைப்பிடிச் சுவர்ல சிவப்பும் பச்சையுமா மார்பிள், கை வைக்கிற இடத்துல ஓனிக்ஸ் கல்லு, அடியில ரெண்டு பக்கமும் விளக்கு ஏந்தி நிக்கிற பெண் சிலைங்க. படி நேரா ஏறிப் போய் ரெண்டா பிரியுது, சுத்தியும் மாடிக்கு மாடி பால்கனி. அந்தக் காலத்துல ஓபராவுக்கு வர்றவங்க பாட்டு கேக்க மட்டுமா வந்தாங்க, யார் யாரோட வந்திருக்காங்க, என்ன போட்டிருக்காங்கன்னு பார்க்கவும்தான் வந்தாங்க. இதை வடிவமைச்ச கட்டடக் கலைஞர் சார்ல் கார்னியே அதைப் புரிஞ்சுக்கிட்டு, ஜனங்க படியேறுறதையே மத்தவங்க மேல நின்னு ரசிக்கிற மாதிரி கட்டிட்டார். அந்தப் பகட்டுக்கு ஒரு வேலை இருக்கு சார், அதைச் சொல்லாம விட்டா எப்படி?

கட்டினதும் லேசுல இல்ல. 1858ல பிரான்ஸ் மன்னர் மூணாம் நெப்போலியன் பழைய ஓபரா ஹவுஸுக்கு வந்தப்ப வாசல்ல குண்டு வீசிட்டாங்க, அவர் தப்பிச்சார், அதுக்கப்புறம்தான் புதுசா கட்ட முடிவாச்சு. 1861 போட்டியில வந்த 171 டிசைன்ல ஜெயிச்சப்ப கார்னியேவுக்கு 35 வயசு, அதிகம் யாருக்கும் தெரியாத ஆளு. அஸ்திவாரம் தோண்டினா தண்ணி ஊறிக்கிட்டே இருந்திருக்கு, மாசக்கணக்கா பம்ப் வச்சு இறைச்சும் அடங்கல, கடைசியில அடியிலேயே பெரிய தொட்டி கட்டி அந்தத் தண்ணியை உள்ளேயே தேக்கிட்டாங்க, அது இன்னைக்கும் இருக்கு. நடுவுல பிரஷ்யாவோட 1870 போர் வேற. 1875 ஜனவரி 5ல திறக்கும்போது மன்னரே உயிரோட இல்ல. அவர் வண்டி நேரா ஏறி வர்றதுக்குன்னு பக்கவாட்டுல போட்ட சாய்வுப் பாதை அவருக்குப் பயன்படவே இல்ல, அந்தப் பகுதியில இப்ப லைப்ரரியும் மியூசியமும் இருக்கு.

இன்னொண்ணு, அரங்கக் கூரையில இருக்கிற மார்க் ஷகாலோட ஓவியம் பழைய அழகைக் கெடுத்துடுச்சுன்னு எழுதியிருந்தாங்க. 1964ல வச்சப்பவே அந்தச் சண்டை ஓடுச்சு. ஆனா பழைய ஓவியத்தை யாரும் அழிக்கல, ஷகால் வரைஞ்சதைத் தனிச் சட்டத்துல மாட்டியிருக்காங்க, லெனெப்வு வரைஞ்ச அந்தப் பழைய ஓவியம் அதுக்குப் பின்னாடி அப்படியே இருக்கு. என் கண்ணுக்கு அந்த சிவப்பும் தங்கமும் நிறைஞ்ச ஹால்ல, டன் கணக்குல கனமான சரவிளக்கைச் சுத்தி அந்த நீலமும் பச்சையும் மஞ்சளும் மூச்சு விட இடம் குடுத்த மாதிரிதான் இருக்கு. இதுல ஆளுக்கொரு ருசி, ஒத்துக்கிறேன்.

வாசகர்களுக்கு ஒண்ணு சேர்த்துப் போடுங்க. பகல்ல சுத்திப் பார்க்கிற டிக்கெட் எடுத்தாலும் ரிகர்சல் நடந்தா அரங்கத்தை மூடி வச்சிடுவாங்க, அதனால போற தேதியில ஹால் திறந்திருக்கான்னு முதல்ல பார்த்துட்டு டிக்கெட் போடச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்